பாதையை மறிக்கும் முனைகள்: வடசென்னை மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கத்திலிருந்து கல்லூரிக்குப் போகும் கணித, கணினி அறிவியல் மாணவர்களுக்காக எழுதிய பக்கம் இது. கோட்டுருவியல் (graph theory) எடுக்கும் மாலை வகுப்பில் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் பதில்களை ஓரிடத்தில் சேர்த்து வைத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகளுக்கு நம்ம பக்கத்து ரயில் நிலையங்களே போதும். நிலையம் என்றால் முனை, அடுத்தடுத்த இரண்டு நிலையங்களுக்கு நடுவே போகும் தடம் என்றால் விளிம்பு. முனைகளும் விளிம்புகளும் சேர்ந்த படம்தான் கோட்டுரு.

க-பாதை கவர் என்றால் என்ன?

ஒரு கோட்டுருவும் க என்ற ஒரு முழு எண்ணும் கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த முனையையும் இரண்டு முறை மிதிக்காமல், விளிம்பு வழியாகவே நடந்து, மொத்தம் க முனைகளைத் தொட்டால் அது ஒரு க-பாதை. இப்போது சில முனைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நிபந்தனை ஒன்றுதான்: கோட்டுருவில் உள்ள ஒவ்வொரு க-பாதையிலும் நாம் தேர்ந்தெடுத்த முனை ஒன்றாவது இருக்க வேண்டும். அந்தத் தொகுதிதான் க-பாதை கவர். அதில் மிகச் சிறியது எவ்வளவு பெரியது என்பதே கேள்வி. அந்த எண்ணைக் கவர் எண் என்று சொல்லிக்கொள்வோம்.

இதையே வேறு மாதிரியும் சொல்லலாம். தேர்ந்தெடுத்த முனைகளைப் படத்திலிருந்து அழித்துவிட்டால், மிச்சத்தில் ஒரு க-பாதைகூட இருக்கக் கூடாது. கணக்குப் போடும்போது இந்த இரண்டாவது பார்வைதான் கைகொடுக்கும்.

க = 2 என்றால் 2-பாதை என்பது வெறும் ஒரு விளிம்பு. ஆகவே அது எல்லோருக்கும் தெரிந்த வெர்டெக்ஸ் கவர். பொதுவான க-வுக்கு இந்தக் கேள்வியை முறையாக எழுப்பி, பெயரும் கொடுத்து ஆராய்ந்தவர்கள் பிரெஷார், கர்தோஷ், கட்ரெனிச், செமனிஷின் ஆகிய நால்வர். அவர்களுடைய கட்டுரை 2011இல் வந்தது.

எண்ண வேண்டியது முனையையா, விளிம்பையா?

முனையை. 3-பாதையில் மூன்று முனைகள், இரண்டு விளிம்புகள். சில புத்தகங்கள் பாதையின் நீளத்தை விளிம்புகளால் அளக்கும். அதனால் வினாத்தாளில் ‘நீளம் 3 உள்ள பாதை’ என்று வந்தால் அது இங்கே 4-பாதை. தேர்வில் மதிப்பெண் போகிற முதல் இடம் இதுதான்.

ஒரே கோடாக இருந்தால் விடை எப்படி வரும்?

மெட்ரோவை எடுத்துக்கொள்வோம். 2021 பிப்ரவரியில் ஓடத் தொடங்கிய வடக்கு நீட்டிப்பில் வண்ணாரப்பேட்டையிலிருந்து வரிசை இப்படிப் போகிறது: வண்ணாரப்பேட்டை, சர் தியாகராயா கல்லூரி, தண்டையார்பேட்டை, புது வண்ணாரப்பேட்டை, சுங்கச்சாவடி, காலடிப்பேட்டை, திருவொற்றியூர் தேரடி, திருவொற்றியூர், விம்கோ நகர், விம்கோ நகர் பணிமனை. மொத்தம் 10 முனைகள், கிளை கிடையாது.

க = 3 என்று வைப்போம். ஒவ்வொரு மூன்றாவது நிலையத்தையும் எடுங்கள்: தண்டையார்பேட்டை, காலடிப்பேட்டை, விம்கோ நகர். இவற்றை அழித்தால் மிச்சம் இரண்டு இரண்டு நிலையங்களாக மூன்று துண்டுகளும், பணிமனை தனியாகவும் நிற்கும். எங்கேயும் 3-பாதை இல்லை. ஆகவே மூன்று முனைகள் போதும். பொதுவாக ந முனைகள் உள்ள ஒரே கோட்டில் கவர் எண், ந-வை க-ஆல் வகுத்து மீதியைத் தள்ளினால் வரும் ஈவு.

மூன்று போதும், சரி. இரண்டு போதாது என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்விதான் வைக்கலாம் என்றால் இதைத்தான் வைத்திருப்பேன். பெரும்பாலான விடைத்தாள்களில் ஒரு கவரை எழுதிவிட்டு, ‘எனவே இதுவே மிகச் சிறியது’ என்று முடித்துவிடுகிறார்கள். அந்த ‘எனவே’ எங்கிருந்து வந்தது? கவரைக் காட்டினால் ‘இவ்வளவு போதும்’ என்பது மட்டும்தான் நிரூபணமாகும். ‘இதற்குக் குறைவாக முடியாது’ என்பதற்குத் தனியாக ஒரு சாட்சி வேண்டும்.

எளிதான சாட்சி, ஒன்றோடொன்று ஒட்டாத க-பாதைகள். மேலே உள்ள வரிசையில் முதல் மூன்று நிலையங்கள் ஒரு 3-பாதை, அடுத்த மூன்று இன்னொன்று, அடுத்த மூன்று இன்னொன்று. மூன்றுக்கும் பொதுவான நிலையம் இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு முனையாவது எடுத்தே ஆக வேண்டும். ஒரே முனையை இரண்டுக்குக் கணக்குக் காட்ட முடியாது. ஆகவே குறைந்தது மூன்று. மேலிருந்தும் மூன்று, கீழிருந்தும் மூன்று. இப்போதுதான் விடை முடிந்தது.

இந்த இரண்டு எண்களும், அதாவது மிகச் சிறிய கவரும் ஒட்டாத பாதைகளின் மிகப் பெரிய எண்ணிக்கையும், எப்போது சமமாக வரும், எப்போது விலகும் என்பதுதான் இந்தப் பாடத்தின் உயிர். கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் அதைச் சுற்றியே போகும்.

கிளை பிரிகிற இடத்தில் என்ன செய்வது? கொருக்குப்பேட்டையை உதாரணம் காட்டுங்களேன்.

நல்ல உதாரணம். கடற்கரை நிலையத்திலிருந்து ராயபுரம், வண்ணாரப்பேட்டை வழியாக ஒரு தடம் கொருக்குப்பேட்டைக்கு வருகிறது. சென்ட்ரலிலிருந்து பேசின் பாலம் வழியாக இன்னொன்று வருகிறது. அங்கிருந்து வடக்கே தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர் என்று போகிறது. மற்ற இணைப்புத் தடங்களை விட்டுவிட்டு இதை மட்டும் வரைந்தால் 12 முனைகள் உள்ள ஒரு மரம், அதாவது சுற்றே இல்லாமல் எல்லா முனைகளும் இணைந்திருக்கும் கோட்டுரு, கிடைக்கும். (ராயபுரம் நிலையம் 1856இல் திறந்தது, தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட இடம். நம் கணக்கில் அது ஒரு சாதாரண முனை!)

மரத்துக்கு ஒரு நேரான வழி உண்டு. ஏதாவது ஒரு முனையை வேராக வையுங்கள், எண்ணூர் என்றே வைப்போம். நுனிகளிலிருந்து வேரை நோக்கி ஏறி வாருங்கள். ஒரு முனைக்கு வந்ததும், அதையும் அதற்குக் கீழே மிச்சம் இருப்பவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு க-பாதை இருக்கிறதா? இல்லையென்றால் மேலே போங்கள். இருந்தால் அந்த முனையைக் கவரில் சேர்த்து, அதையும் அதற்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் வெட்டிவிடுங்கள்.

க = 3க்கு ஓட்டிப் பார்ப்போம். கடற்கரை, ராயபுரம் வரை ஒன்றும் இல்லை. வண்ணாரப்பேட்டைக்கு வந்ததும் 3-பாதை கிடைக்கிறது. அதைக் கவரில் சேர்த்து மூன்றையும் வெட்டுகிறோம். கொருக்குப்பேட்டைக்கு வந்தால் கீழே சென்ட்ரல், பேசின் பாலம் மிச்சம். மூன்றும் சேர்ந்து 3-பாதை. அதையும் எடுக்கிறோம். அப்புறம் தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர் தாண்டித் திருவொற்றியூர், கடைசியில் எண்ணூர். கவர் நான்கு முனைகள்.

இதில் அழகு எங்கே என்றால், கவரைக் கட்டும்போதே சாட்சியும் கூடவே வந்துவிடுகிறது. ஒவ்வொரு முனையையும் எடுக்கக் காரணமாக இருந்த 3-பாதையை எழுதிக்கொண்டே வாருங்கள்: நான்கு பாதைகள், நான்கும் ஒட்டாதவை, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் கீழே இருந்ததை வெட்டிவிட்டோம். ஆகவே மரங்களில் இரண்டு எண்களும் எப்போதும் சமம், எந்த க-வாக இருந்தாலும். சரியாக எழுதினால் முனைகளின் எண்ணிக்கைக்கு நேர் விகிதமான நேரத்தில் கணினி இதை முடித்துவிடும்.

க பெரிதாகப் பெரிதாகக் கவர் எண் சீராகக் குறையுமா?

அதிகமாகாது என்பது மட்டும் உறுதி. சீராகக் குறைய வேண்டிய கட்டாயம் இல்லை. அதே கொருக்குப்பேட்டை மரத்தில் க = 2க்கு 6, க = 3க்கு 4, அப்புறம் க = 4, 5, 6 மூன்றுக்கும் 2, க = 7க்கு 1. கொருக்குப்பேட்டையை எடுத்துவிட்டால் வடக்கே ஆறு நிலையங்கள் ஒரே கோடாக மிச்சம் இருக்கும். அதனால்தான் 6 வரை இரண்டாவது முனை தேவைப்படுகிறது. க = 6க்குச் சாட்சி வேண்டுமா? கடற்கரையிலிருந்து கொருக்குப்பேட்டை வழியாகச் சென்ட்ரல் வரை ஆறு நிலையங்கள், தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை ஆறு நிலையங்கள். மற்றவற்றுக்கான சாட்சியை நீங்களே தேடிப் பாருங்கள், கஷ்டமே இல்லை.

சுற்று வந்தால்?

சாட்சி இங்கேதான் முதலில் தடுமாறுகிறது. மண்ணடிப் பக்கம் நான்கு தெருக்கள் சூழ்ந்த ஒரு கட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: நான்கு மூலைகள், நான்கு பக்கங்கள். க = 3. ஒரு மூலையை மட்டும் எடுத்தால் மற்ற மூன்றும் வரிசையாக நிற்கும், அதுவே ஒரு 3-பாதை. ஆகவே இரண்டு மூலைகள் வேண்டும். எதிரெதிர் மூலைகளை எடுத்தால் முடிந்தது. கவர் எண் 2. ஆனால் ஒட்டாத 3-பாதைகள் எத்தனை வைக்க முடியும்? இருப்பதே நான்கு முனைகள்; ஒன்றுக்கு மேல் இடமே இல்லை. 2-க்கும் 1-க்கும் இடைவெளி விழுந்துவிட்டது.

சரி, அப்படியானால் இங்கே ‘ஒன்று போதாது’ என்பதற்கு வேறு சாட்சி வேண்டும். எண்ணிப் பார்ப்பதே சாட்சி. ந முனைகள் உள்ள சுற்றில் க-பாதைகள் மொத்தம் ந (ந, க-வைவிடச் சிறியதாக இல்லாத வரை). ஒவ்வொரு முனையும் அவற்றில் சரியாக க பாதைகளில் இருக்கிறது. ஒரு முனை க பாதைகளை மட்டுமே பிடிக்கும் என்றால், ந பாதைகளையும் பிடிக்கக் குறைந்தது ந/க முனைகள் வேண்டும். பின்னம் வந்தால் அடுத்த முழு எண்ணுக்கு ஏற்றிக்கொள்ள வேண்டும். கோட்டுக்கு மீதியைத் தள்ளினோம், சுற்றுக்கு ஏற்றுகிறோம்.

எல்லா முனையும் எல்லாவற்றோடும் சேர்ந்திருந்தால்?

மிச்சம் விடுகிற எந்த க முனைகளும் ஒரு க-பாதையாகிவிடும். ஆகவே க − 1 முனைகளை மட்டும்தான் விட்டுவைக்கலாம். விடை ந − க + 1.

எல்லாக் கோட்டுருவுக்கும் பொருந்தும் ஒரு வரம்பு உண்டா?

க = 3க்கு அந்த 2011 கட்டுரையிலேயே ஒன்று உண்டு: ந முனைகளும் ம விளிம்புகளும் இருந்தால் கவர் எண் (2ந + ம)/6ஐத் தாண்டாது. மேலே பார்த்த நான்கு மூலைக் கட்டத்தில் போட்டுப் பாருங்கள்: (8 + 4)/6 = 2. சரியாக அதே எண்.

பொதுவான கோட்டுருவில் இது ஏன் கடினம் என்கிறார்கள்?

கடினம் (NP-hard) என்றால், எல்லாக் கோட்டுருவுக்கும் வேகமாகச் சரியான விடை தரும் வழி எதுவும் இதுவரை தெரியவில்லை என்று பொருள். க = 2 ஏற்கெனவே கடினம். 1972இல் ரிச்சர்ட் கார்ப் வெளியிட்ட 21 கடினக் கணக்குகளின் பட்டியலில் வெர்டெக்ஸ் கவரும் ஒன்று. க = 3ஐ வைத்து க = 2ஐ எப்படித் தீர்க்கலாம் என்று காட்டிவிட்டால், 3ம் அதே அளவு கடினம் என்று ஆகிவிடும். அதற்கான வழி சின்னது. தேர்விலும் கேட்கிறார்கள், அதனால் முழுதாகச் சொல்கிறேன்.

ஏதோ ஒரு கோட்டுரு இருக்கட்டும். அதன் ஒவ்வொரு முனையிலும் புதிதாக ஒரு வால் முனையை ஒட்டுங்கள். புதிய கோட்டுருவின் 3-பாதை கவர் எண்ணும், பழையதன் வெர்டெக்ஸ் கவர் எண்ணும் ஒன்றே. ஏன்? பழையதற்கு ஒரு வெர்டெக்ஸ் கவர் கையில் இருந்தால் அதை அப்படியே புதியதில் அழியுங்கள். மிச்சம் நிற்கிற பழைய முனைகளுக்குள் விளிம்பு இல்லை. ஒவ்வொன்றும் தன் வாலோடு மட்டும் நிற்கும். ஒரு துண்டுக்கு இரண்டு முனைகளுக்கு மேல் இல்லை, ஆக 3-பாதை இல்லை. திருப்பிப் பார்ப்போம். புதியதற்கு ஒரு 3-பாதை கவர் இருக்கிறது. அதில் வால் முனை இருந்தால் அதற்குப் பதில் அது ஒட்டியிருக்கும் முனையை வைத்துக்கொள்ளுங்கள். வால் வழியாகப் போகும் எந்த 3-பாதையும் அந்த முனை வழியாகத்தான் போக வேண்டும், ஆகவே நஷ்டம் இல்லை. இப்போது பழைய விளிம்பு ஒன்று பிடிபடாமல் இருந்தால், அதன் இரண்டு முனைகளும் ஒரு வாலும் சேர்ந்து 3-பாதை ஆகிவிடும். அது நடக்காது. ஆகவே எல்லா விளிம்பும் பிடிபட்டிருக்கிறது.

பெரிய க-வுக்கு ஒரு முனை வாலுக்குப் பதில் நீளமான வால்: க − 1ஐ இரண்டால் வகுத்து மீதியைத் தள்ளினால் எத்தனையோ அத்தனை முனைகள். மிச்சம் அதே வாதம்தான்.

இருபகுதிக் கோட்டுரு என்றால் எளிதாகிவிடுமா?

முனைகளை இரண்டு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு விளிம்பும் ஒரு பகுதியிலிருந்து மற்றதற்கே போகும்படி செய்ய முடிந்தால் அது இருபகுதிக் கோட்டுரு. க = 2 என்றால் ஆமாம். ஹங்கேரியக் கணிதவியலாளர் கோனிக் 1931இல் நிரூபித்தது இது: இருபகுதிக் கோட்டுருவில் மிகச் சிறிய வெர்டெக்ஸ் கவரும் ஒட்டாத விளிம்புகளின் மிகப் பெரிய எண்ணிக்கையும் சமம். சாட்சி எப்போதும் கிடைக்கும், வேகமாகவும் கிடைக்கும்.

க = 3க்கு வந்தால் அந்தச் சொகுசு போய்விடும். நான்கு மூலைக் கட்டம் இருபகுதிக் கோட்டுருதான், ஆனாலும் அங்கே 2-க்கும் 1-க்கும் இடைவெளியைப் பார்த்தோம். சாட்சி மட்டும் போகவில்லை, வேகமும் போய்விட்டது: இருபகுதிக் கோட்டுருக்களிலேயே க = 3 கடினம் என்று யன்னகாகிஸ் 1981இல் காட்டினார். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே இவ்வளவு பெரிய பள்ளம் இருப்பது, என்னைக் கேட்டால், இந்தத் தலைப்பிலேயே மிகச் சுவாரசியமான விஷயம். பல பாடப்புத்தகங்கள் கோனிக்கோடு நிறுத்திவிடுவது அநியாயம்.

சரியான விடை கிடைக்காது என்றால் தோராயமாக ஏதாவது உண்டா?

உண்டு. ஏதாவது ஒரு க-பாதையைக் கண்டுபிடித்து அதன் க முனைகளையும் கவரில் போட்டு அழித்துவிடுங்கள்; இன்னொன்றைத் தேடுங்கள்; தீரும் வரை இப்படியே. பிடித்த பாதைகள் ஒட்டாதவை, ஆகவே மிகச் சிறிய கவரிலும் பாதைக்கு ஒரு முனையாவது இருக்கும். நாம் எடுத்தது அதன் க மடங்குக்கு மேல் போகாது. பேராசைக்காரனின் வழி போலத் தெரிந்தாலும் உத்தரவாதம் உறுதியானது.

க = 3க்கு இதைவிட நல்லது இருக்கிறது. துவும் சோவும் 2011இல் 2 மடங்குக்கு மேல் போகாத முறையைக் கொடுத்தார்கள். வெர்டெக்ஸ் கவருக்கு 1.36 மடங்குக்குள் வருவதே கடினம் என்பது டினுர், சஃப்ரா இருவரும் 2005இல் நிரூபித்தது. தனித்த விளையாட்டு ஊகம் (Unique Games Conjecture, இன்னும் நிரூபிக்கப்படாத ஒன்று) உண்மையானால் 2-க்குக் கீழே எந்த நிலையான மடங்கும் முடியாது என்று கோட், ரெகெவ் இருவரும் காட்டியிருக்கிறார்கள். மேலே வால் ஒட்டும் வழியைப் பார்த்தோமே, அது மடங்கை மாற்றாது; அதனால் இந்தத் தடைகள் க = 3க்கும் அப்படியே வந்து சேரும்.

நிஜ வாழ்க்கையில் யாருக்கு இது தேவை?

இந்தக் கேள்வியை எழுப்பத் தூண்டியது கம்பியில்லா உணரிகளின் வலைப்பின்னல். மணலி, எண்ணூர் மாதிரி தொழிற்சாலைப் பகுதியில் காற்றை அளக்கும் சின்னக் கருவிகளை நிறைய வைக்கிறோம் என்று கற்பனை செய்யுங்கள். செய்தி ஒரு கருவியிலிருந்து பக்கத்துக் கருவிக்குத் தாவித் தாவிப் போகும். எல்லாக் கருவிக்கும் பலமான பாதுகாப்புப் போடச் செலவு கட்டுப்படியாகாது. க கருவிகள் உள்ள ஒவ்வொரு பாதையிலும் எதிராளி கைவைக்க முடியாத ஒன்றாவது இருந்தால் செய்தி நடுவில் மாற்றப்பட்டதைப் பிடித்துவிடும் ஒரு முறை இருக்கிறது. அப்படியானால் பாதுகாப்புப் போட வேண்டிய கருவிகள் குறைந்தது எத்தனை? அதுதான் கவர் எண். சந்திப்புகளில் கேமரா வைப்பதையும் இப்படிப் பார்க்கலாம்: க சந்திப்புகளைக் கடக்கும் எந்த வண்டியும் ஒரு கேமராவிலாவது பட வேண்டும்.

பாத் கவரும் இதுவும் ஒன்றா?

இல்லை, நேர் எதிர். பாத் கவரில் பாதைகளை வைத்து முனைகளை மூடுகிறோம்: எல்லா முனைகளும் அடங்க எத்தனை பாதைகள் வேண்டும்? ஒன்றே போதுமா என்று கேட்டால் அது ஹாமில்டன் பாதைக் கேள்வி. இங்கே முனைகளை வைத்துப் பாதைகளை மறிக்கிறோம். இணையத்தில் தேடும்போது இரண்டும் கலந்து வரும், பார்த்துப் படியுங்கள்.

எல்லாப் பாதையும் வேண்டாம், சென்ட்ரலிலிருந்து எண்ணூர் போகிறவற்றை மட்டும் மறித்தால் போதும் என்றால்?

அப்போது கணக்கு எளிது. 1927இல் மெங்கர் நிரூபித்த தேற்றம்: நேரடி விளிம்பு இல்லாத இரண்டு முனைகளுக்கு நடுவே உள்ள எல்லாப் பாதைகளையும் மறிக்கத் தேவையான முனைகளின் குறைந்த எண்ணிக்கை, இடையில் ஒட்டாமல் போகக்கூடிய பாதைகளின் அதிக எண்ணிக்கைக்குச் சமம். இங்கேயும் சாட்சி தவறுவதில்லை. நம் மரத்தில் இரண்டும் 1.

புறப்படும் இடமும் சேரும் இடமும் ஒரு பட்டியலில் உள்ள எந்த இரண்டு முனைகளாகவும் இருக்கலாம் என்றால் சமத்துவம் போய்விடும், ஆனால் முழுக்கக் கைவிடாது. கல்லாய் 1961இல் காட்டியபடி, அப்படிப்பட்ட ஒட்டாத பாதைகள் ப எண்ணிக்கையில் கிடைக்கும், இல்லாவிட்டால் அதிகம் போனால் 2ப − 2 முனைகளால் எல்லாவற்றையும் மறித்துவிடலாம்.

மிக நீளமான பாதைகளை எல்லாம் ஒரே முனையால் மறிக்க முடியுமா?

மரத்தில் முடியும். எந்தத் தொடர்புள்ள கோட்டுருவிலும் முடியுமா என்று 1966இல் கல்லாய் கேட்டார். முடியாது என்று 1969இல் வால்தர் 25 முனைகளில் ஒரு எதிர்உதாரணம் கட்டினார். பிறகு 12 முனைகளிலேயே ஒன்று கிடைத்தது.

ஆனால் இரண்டு மிக நீளமான பாதைகளுக்குக் கட்டாயம் ஒரு பொது முனை இருக்கும். இல்லை என்று வையுங்கள்: கோட்டுரு தொடர்புள்ளது என்பதால் இரண்டையும் இணைக்கும் ஒரு நடை உண்டு, ஒவ்வொன்றிலும் நீளமான பாதித் துண்டை எடுத்து அந்த நடையோடு சேர்த்தால் இன்னும் நீளமான பாதை வந்துவிடும், முரண். மூன்று மிக நீளமான பாதைகளுக்கு? பார்க்கச் சின்னக் கேள்வி, இன்னும் திறந்தே கிடக்கிறது.

புராஜெக்டுக்கு இதை நிரலாக எழுத வேண்டும். எங்கே தொடங்குவது?

முழு எண் நிரலாக்கத்தில் தொடங்குங்கள். முனைக்கு ஒரு மாறி, எடுத்தால் 1, விட்டால் 0. ஒவ்வொரு க-பாதைக்கும் ‘இதில் உள்ள மாறிகளின் கூட்டல் 1-க்குக் குறையக் கூடாது’ என்று ஒரு நிபந்தனை. மொத்தத்தைக் குறைக்க வேண்டும். க-பாதைகளை எல்லாம் முதலிலேயே பட்டியல் போடாதீர்கள், கணினி திணறிவிடும். சில நிபந்தனைகளோடு தீர்த்து, மிச்சத்தில் க-பாதை ஏதாவது தப்பியிருக்கிறதா என்று தேடி, அதை மட்டும் சேர்த்து மறுபடி தீர்க்கலாம்.

கூடவே, மாறிகள் பின்னமாகவும் இருக்கலாம் என்று விட்டு ஒருமுறை தீர்த்து அந்த எண்ணையும் அறிக்கையில் எழுதுங்கள். நான்கு மூலைக் கட்டத்தில் க = 3க்கு அது 4/3 வரும்; மேலே ஏற்றினால் 2. ஒட்டாத பாதைகள் 1 என்று மட்டுமே சொன்ன இடத்தில் இது சரியான கீழ்வரம்பைக் கொடுத்துவிடுகிறது. வைவாவில் ‘இது குறைந்ததுதான் என்று எப்படித் தெரியும்?’ என்று கேட்டால் காட்ட வேண்டியது அந்த எண்ணைத்தான்.